பார்வைக்கு வைத்த காளவாய்

அடையாற்றில் படகு ஏறிவிட்டு யாராவது "ஆஹா, என்ன காற்று!" என்று சொன்னால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. காற்று நல்ல காற்றுதான், இல்லையென்று சொல்லவில்லை. அந்தக் காற்றை அவர்கள் வாங்குவதற்காக எங்களைக் கரையிலிருந்து துடைத்தெடுத்தார்களே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. வயதானால் கோபம் அடங்கும் என்கிறார்கள். அடங்கியவர்கள் சொல்லட்டும்.

நாற்பதுகளில் அந்த ஆறு முழுக்க வேலை நடந்துகொண்டிருந்தது. சைதாப்பேட்டைப் பக்கம் சாயம் தோய்க்கிறவர்கள் இருந்தார்கள். தண்ணீர் ஒருநாள் சிவப்பாக வரும், ஒருநாள் நீலமாக வரும். அவர்களுக்குக் கீழே துணி வெளுக்கிறவர்கள், அப்புறம் செங்கல் சூளைகள். கடைசியாக, ஆறு கடலைத் தொடுவதற்குச் சற்று முன்னால், எங்கள் சுண்ணாம்புக் காளவாய்கள். ஆறு உப்பாகிற இடத்தில் சேற்றுக்குள் கிளிஞ்சல் கிடைக்கும். அதை அள்ளி வந்து கரியோடு அடுக்கடுக்காகப் போட்டுச் சுட்டால் சுண்ணாம்பு. மயிலாப்பூரில் பழைய வீடு எதையாவது தட்டிப் பாருங்கள், எங்கள் ஆட்கள் அள்ளிய கிளிஞ்சல் அதற்குள் இருக்கும்.

வீட்டில் ஒரே பெண்ணான நானும் என் அப்பாவும்தான். நைனா என்று கூப்பிடுவேன். அம்மா காலராவில் போய்விட்டாள். மாதாகோயில் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தேன், அதற்குப் பிறகு சேற்றில் இறங்கினேன். நீர் வற்றுகிற நேரத்தில் இடுப்பளவு நின்று காலாலேயே கிளிஞ்சலைத் தடவி எடுப்பேன். காளவாய் நைனாவுடையது. நைனாவுக்குச் சொத்து, பெருமை, வாய்ச்சவடால் எல்லாமே அதுதான். குடித்துவிட்டு வந்தால் என்னிடம் பேசமாட்டார், அதனிடம் போய்ப் பேசுவார்.

எங்கள் ஆட்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. வெறும் காளவாய்க்கு நெருப்பு வைக்கக் கூடாது. முதல் கூடைக் கிளிஞ்சலின் மேல் சிலுவை போட்டு உள்ளே கொட்டிய பிறகுதான் தீப்பெட்டியைத் தொட வேண்டும். கோயிலுக்குப் போகிறவர்கள் சிலுவைக்குப் பதில் சூடம் காட்டுவார்கள், கட்டுப்பாடு எல்லாருக்கும் ஒன்றுதான். வெறும் காளவாயைக் கொளுத்துகிறவன் வீட்டில் அடுப்பு எரியாது என்பார்கள்.

யுத்த காலத்தில் சிமெண்டு எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டது, எங்கள் சுண்ணாம்புக்கு ஏக கிராக்கி. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பெரிய வீடுகளைப் பூட்டிக்கொண்டு பட்டணமே ஓடியபோதும் நாங்கள் இருந்தோம். ஓடுவதற்கு எங்களுக்கு இன்னோர் ஊர் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டாளத்து அதிகாரிகள் படகில் வருவார்கள், கூடவே தொப்பி வைத்த சீமாட்டிகள். புகை பட்டால் முகத்தைச் சுளிப்பார்கள். அவ்வளவோடு போய்விட்டது. வெள்ளைக்காரன் முகத்தைச் சுளித்தான், நம் ஊர்ப் பெரிய மனிதர்கள்தான் கரையைப் பிடுங்கினார்கள். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

யுத்தம் முடிந்ததும் ஒரு கமிட்டி கிளம்பிற்று. ஆற்றங்கரையை உல்லாசமான இடமாக்கி, வெளியூர் ஜனங்களை வரவழைக்க வேண்டுமாம். அதன் காரியதரிசி அபிராமபுரத்துக்காரர், மடிப்புக் கலையாத ஜிப்பா, சாந்தமான குரல். அந்தச் சாந்தத்தைத்தான் என்னால் பொறுக்க முடியாது. கத்துகிறவனோடு சண்டையாவது போடலாம்.

முதலில் பெஞ்சு போட்டார்கள். கும்பி கூழுக்கு அழுகிறபோது கொண்டை பூவுக்கு அழுததாம். நல்ல தண்ணீர்க் குழாய் கேட்டு எங்கள் ஆட்கள் நடையாய் நடந்துகொண்டிருந்தோம், எங்களுக்கு பெஞ்சு வந்தது. அப்புறம் நாங்கள் கிளிஞ்சல் இறக்குகிற துறையில் கருங்கல் படி கட்டி, படகுச் சவாரிக்காரர்களைத் தவிர யாரும் இறங்கக் கூடாது என்று பலகை வைத்தார்கள். வெளுக்கிறவர்களை மேலே தள்ளினார்கள். புகை விருந்தாளிகளுக்கு ஆகவில்லை என்று காளவாய்களை ஒவ்வொன்றாக மூடவைத்தார்கள், எங்களுடையதையும். சிலர் கையில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போனார்கள், சிலர் சித்தாள் வேலைக்குப் போனார்கள்.

சுதந்திரம் வந்தது. கரை சுத்தமாயிற்று. சுத்தமான கரையைப் பார்க்க வந்தவர்கள் ஒரு தடவை படகில் போய்விட்டுக் கொட்டாவி விட்டார்கள். பார்க்க ஒன்றும் இல்லை! வேலை நடந்துகொண்டிருந்த ஆற்றைத்தான் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள் என்பது அப்போதுதான் கமிட்டியின் மண்டையில் உறைத்தது. ஒரு நாள் காரியதரிசி எங்கள் குடிசைக்கே வந்துவிட்டார்.

"உங்க மாதிரிப் பெரியவாளோட கைவேலையிலேதானப்பா கோட்டையே எழும்பித்து. இதையெல்லாம் ஜனங்க பாக்கணும். உன்னோட காளவாயை மட்டும் இடிக்க வேண்டாம்னு சொல்லிட்டேன். மாசச் சம்பளம் தர்றோம். ஞாயித்துக்கெழமை சாயந்தரம் கொஞ்சம் புகை வந்தாப் போதும்."

"சுண்ணாம்பு, சாமி?" என்றார் நைனா.

"சுண்ணாம்பு எதுக்கு? புகைதான் வேணும்."

நைனா தலையாட்டினார். இடிக்காமல் விட்டார்களே என்கிற சந்தோஷம் அவருக்கு. என்றைக்காவது ஒரு நாள் திரும்பவும் அதில் சுண்ணாம்பு சுட்டுவிடலாம் என்று மனசுக்குள் வைத்திருந்தார். அந்த ஆசையைத்தான் அந்த மனிதர் மோந்து பிடித்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு நடந்த கூத்தை என்னவென்று சொல்வது? சுண்ணாம்புக் காளவாய்க்கு வெளியே வெள்ளையடித்தார்கள். எனக்குச் சலவைப் புடைவை கொடுத்தார்கள். படகு வருகிறபோது நான் கூடையில் கிளிஞ்சலைச் சுமந்து மேட்டில் ஏறவேண்டும், அந்தப் பக்கம் கொட்டவேண்டும். படகு போனதும் அதே கிளிஞ்சலை வாரிக்கொண்டு கீழே வரவேண்டும். அடுத்த படகுக்கு அதே கிளிஞ்சல், அதே மேடு. சேற்றில் இடுப்பு ஒடிந்தபோதுகூட எனக்கு அவமானமாக இருந்ததில்லை, இதில் இருந்தது.

புகைக்கு நைனா ஒரு வழி கண்டுபிடித்தார். காளவாய்க்குப் பின்புறம் ஈர வைக்கோலைக் கொளுத்துவார். முன்னாலிருந்து பார்த்தால் காளவாயே புகைகிற மாதிரி இருக்கும். வெறும் காளவாய்க்கு நெருப்பு வைத்த பாவமும் இல்லை, சம்பளமும் வரும். கட்டுப்பாட்டுக்கும் கமிட்டிக்கும் நடுவில் அவர் அப்படிச் சந்து தேடிக்கொண்டு குனிந்து குனிந்து ஊதுவதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

அப்படியிருக்கையில் டில்லியிலிருந்து ஒரு பெரிய மனிதர் வரப்போகிறார் என்றார்கள். கரைக்குப் பணம் ஒதுக்குகிறவராம். காரியதரிசி ஓடி வந்தார்.

"வைக்கோல் எல்லாம் அன்னிக்கு வேண்டாம். வாயிலே நெருப்பு தெரியணும். உள்ளேயே கொளுத்திடு."

"வெறும் காளவாய்ல வைக்கக் கூடாது சாமி. எங்க வழக்கம் அது."

"யாருக்குப்பா தெரியப்போறது?"

காரியதரிசி போன பிறகு நைனா என்னைப் பார்த்து, "இன்னாமே பாத்துகினு கீறே? கூடய எடு" என்றார். கிளிஞ்சல் போட்டே சுடப்போகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் என் அப்பாவின் மூஞ்சியைப் பார்த்தேன் என்று தோன்றியது.

அந்த வாரம் முழுக்கச் சேற்றில் இறங்கினோம். துறையை மறித்துவிட்டார்கள் அல்லவா, பாலத்துக்குக் கீழே முள்ளுக்குள் நுழைந்து இறங்கினோம். கால் கிழிந்தது. வழக்கமாகக் கிளிஞ்சலை வெயிலில் போட்டு சதை போகக் காயவைத்துக் கழுவுவோம். நான் வேண்டுமென்றே கழுவாமல் போட்டேன். சதையோடு வேகிற கிளிஞ்சலின் நாற்றம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். சாயந்தரம் கடற்காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்பதும் தெரியும். விருந்தாளிகளுக்குப் பந்தல் போட்டிருந்தது சரியாக அந்தப் பக்கம்.

அன்றைக்கு நைனா முதல் கூடையின் மேல் சிலுவை போட்டார். கிளிஞ்சலும் கரியுமாக வாய்வரை அடுக்கி நெருப்பு வைத்தார். படகுகள் வந்து சேரவும் காற்று திசை மாறவும் சரியாக இருந்தது. கறுப்பும் மஞ்சளுமாகப் புகை கிளம்பிப் பந்தலுக்குள் நுழைந்தது பாருங்கள்! ஜரிகைத் தலைப்புகளெல்லாம் மூக்குக்குப் போயின. கண்ணில் தண்ணீர், இருமல், நாற்காலி உருள்கிற சத்தம். நான் கூடையை இறக்கி வைத்துவிட்டு நன்றாகப் பார்த்தேன். சாகிற வரைக்கும் அந்தக் காட்சி போதும் என்று நினைத்தேன்.

காரியதரிசி இருமிக்கொண்டே ஓடி வந்தார். "அணைடா! முதல்லே அதை அணை!" சாந்தமெல்லாம் பறந்துவிட்டது.

"அணையாது சாமி. மெய்யான காளவாய். எரிஞ்சி முடிச்சாதான் அடங்கும்" என்றார் நைனா. அவ்வளவு நிமிர்ந்து அவர் நின்று நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் போலீசு வரும் என்று காத்திருந்தோம். காரியதரிசிதான் வந்தார், அதுவும் சிரித்துக்கொண்டே. டில்லிக்காரருக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம். இப்படி நிஜமான ஒன்றை எந்த ஊரிலும் பார்த்ததில்லை என்றாராம். பணம் ஒதுக்குவதாகச் சொல்லிவிட்டாராம். இனிமேல் வாராவாரம் இதேபோல் வேண்டும். பந்தலை மட்டும் காற்றுக்கு மறுபக்கம் மாற்றிவிடலாம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடித்த அடியையும் வாங்கி விலைக்கு வைத்துவிட்டார்கள். நைனாவோ வேறு ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்போ வாராவாரம் கிளிஞ்ச போட்டு சுடலாமா சாமி?"

"தாராளமா சுடு."

"சுண்ணாம்ப வண்டில ஏத்தி..."

"வண்டி கிண்டி எல்லாம் இங்கே வரப்படாது. வியாபாரம் ஆரம்பிச்சா மறுபடியும் பழைய அசிங்கம்தான். ஆத்துலே கொட்டிடு."

நைனா என்னைப் பார்க்கவில்லை. காளவாயையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே, ஒரு கறுப்பு இல்லாமல், பூப்போல வெளுத்து வெந்திருந்தது சுண்ணாம்பு.

"நைனா, வேணாம். நீ செய்யாதே" என்றேன். "நான் சித்தாள் வேலைக்குப் போறேன். கஞ்சி குடிச்சிக்கலாம். இத்த வுட்டுட்டு வா."

"வுட்டுட்டு எங்கமே போறது? சுடச் சொல்லிட்டாங்க இல்ல. சுட்டா போதும் எனக்கு" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை படகுகள் வந்து நின்ற பிறகு, கருங்கல் படியில் இறங்கி, சுட்ட கிளிஞ்சலைக் கூடையோடு ஆற்றில் கவிழ்த்தார். தண்ணீர் கொதித்தது. ஆவி சீறிக்கொண்டு எழும்பிற்று, ஓரத்தில் மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. படகில் இருந்தவர்கள் இப்படி ஒன்று இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. எழுந்து நின்று கைதட்டினார்கள், குழந்தைகள் இன்னொன்று, இன்னொன்று என்று கத்தின.

நைனா திரும்பிப் பார்த்தார். இடுப்பில் கட்டியிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி அவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அடுத்த கூடைக்குக் குனிந்தார்.