ஒரு சுண்டுப் பெற்றோல்

என் ஸ்கூட்டரில் பெற்றோல் காட்டும் முள் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. போன வருடம் வாங்கினேன். முள் பாதியில் நின்றால் தாங்கியில் பாதி இருக்கிறது என்று அர்த்தம். அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் களுவாஞ்சிக்குடிக்குப் படிப்பிக்கப் போகும் ஒவ்வொரு காலையும் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் புறப்படுகிறேன். என் மகள் வாசலில் நின்று சிரிப்பாள். "அம்மாக்கு முள்ளுலயும் நம்பிக்க இல்ல" என்பாள். முள்ளில் எனக்கு நம்பிக்கை உண்டு. பெற்றோல் விஷயத்தில் நான் நம்பாத ஆள் வேறு. அந்த ஆளுக்கு அப்போது ஒன்பது வயது. இரட்டைப் பின்னல் போட்டு, பழுகாமத்தில் நாலாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது. அவர் கைக்கு வரும்போதே இரண்டு பேரிடம் ஓடிக் களைத்திருந்தது. சிவப்பு என்று வண்டிப் புத்தகத்தில் எழுதியிருக்கும். நாங்கள் பார்த்ததெல்லாம் செங்கல் நிறம். அதன் பெற்றோல் முள் எந்நேரமும் பாதியில் நிற்கும். தாங்கி நிரம்பி வழிந்தாலும் பாதி, காய்ந்து கிடந்தாலும் பாதி. பெற்றோல் முடியப்போகும் நேரத்தில் திருப்பிவிட்டு மிச்சத்தில் ஓடுவதற்கென்று ஒரு ரிசேவ் குழாய் இருக்குமே, அதுவும் துருப்பிடித்து அடைத்துப்போய்ப் பல காலம். ஆகவே அப்பா ஒரு ஈர்க்கு வைத்திருந்தார். தென்னோலையிலிருந்து எடுத்துச் சீவி, அரை லீற்றருக்கு ஒன்றாகப் பிளேட்டால் கோடு கீறிய ஈர்க்கு. காலையில் வட்டைக்கு, எங்கள் வயல்வெளிக்கு, கிளம்புமுன் அதைத் தாங்கிக்குள் விட்டு எடுப்பார். ஈரம் எந்தக் கோடுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்து, அது காய்வதற்குள் மனதில் பெருக்கி, எவ்வளவு தூரம் போகலாம் என்று முடிவு செய்துவிடுவார். ஒரு நாளும் அவர் வழியில் நின்றதில்லை.

வண்டி லீற்றருக்கு அறுபது ஓடும் என்பது அப்பாவின் பேச்சு. கேட்டவர்களுக்கும் சொல்வார், கேட்காதவர்களுக்கும் சொல்வார். கல்யாண வீட்டுப் பந்தலில் யாராவது புது வண்டியைப் பற்றிப் பேசினால், அப்பா தொண்டையைச் செருமுவது எங்களுக்குக் கேட்கும். அம்மா தலையைக் குனிந்துகொள்வாள். நான் பிறக்கும் முன் எப்போதோ அது அறுபது ஓடியிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் வயது ஏறாத ஒரே சாமான் அந்த அறுபதுதான்.

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது வீடு கூரைமட்டத்தில் நின்றது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். ஓடு போடாத வீட்டில் மகளைக் குடிவைக்க அப்பாவுக்கு மனம் வரவில்லை. வண்டியை விற்பதென்று முடிவாயிற்று. அதை அவர் சொன்ன அன்று, நான் மட்டும் தாங்கியில் முகத்தை வைத்து அழுதேன். அந்தத் தாங்கியின் மேல் உட்கார்ந்து ஊர் பார்த்தவள் நான்.

வாங்க வந்தவர் காத்தான்குடித் துணி வியாபாரி. அப்பாவைவிடப் பத்து வயது மூத்தவர். முஸ்லிம்கள் அண்ணனைச் சொல்வதுபோல நாங்கள் எல்லோரும் நானா என்போம். சைக்கிளில் மூட்டை கட்டி ஊர் ஊராக விற்பார். அவர் வீட்டிலேயே தறி இருந்தது. மனைவியும் தங்கையும் நெய்த கைலிச் சாரன்கள்தான் பாதி மூட்டை. எங்கள் தெருவுக்கு அவர் வந்துபோன வருடங்கள் லேசான வருடங்கள் அல்ல. அந்த ஊர்க்காரர் இந்த ஊருக்கும் இந்த ஊர்க்காரர் அந்த ஊருக்கும் போக யோசித்த நாட்கள் இருந்தன. நானா அப்போதும் வந்தார். வந்தால் எங்கள் வீட்டு வாங்குப் பலகையில்தான் மூட்டையை இறக்குவார். அப்பாவும் காத்தான்குடிக்குப் போனால் அவர் வீட்டில்தான் சாப்பாடு.

இப்போது அவருக்கு முழங்கால் வலி. சைக்கிள் மிதிக்க முடியவில்லை. வண்டி இருந்தால் வடக்கே மாங்கேணி வரைக்கும் போகலாம், அங்கே துணிக்கடை இல்லை, தீபாவளிக்கு நல்ல வியாபாரம் நடக்கும் என்றார். அப்பா முள்ளின் கதையை ஒளிக்கவில்லை. ரிசேவ் அடைத்திருப்பதையும் சொன்னார். ஈர்க்கை எடுத்துக் காட்டி அளக்கப் பழக்கினார். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. எவ்வளவு ஓடும் என்று நானா கேட்டதும், கூரையில் இருந்து பல்லி விழுவதுபோல அப்பாவின் வாயிலிருந்து அந்த அறுபது விழுந்துவிட்டது.

நானா சிரித்தார். "சந்தேகப்படல்ல தம்பி. எண்டாலும் முள்ளும் இல்ல, ரிசேவும் இல்ல. கணக்க நம்பித்தானே ஓடணும். ஒரு லீற்றர் ஊத்தி ஒருக்கா ஓடிப் பாப்பம்."

பழுகாமத்திலிருந்து அவர் வீட்டுக்குப் போய்த் திரும்பினால் அறுபதுக்குக் கொஞ்சம் கூட. வருகிற சனிக்கிழமை என்று நாள் வைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கிணற்றடியில் அப்பா அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன். "நாப்பத்தஞ்சத் தாண்டாது. பழக்க தோசத்துல சொல்லிப்போட்டன்." அம்மா வாளியைக் கீழே வைத்தாள். "ஓடுறத்துக்கு முதல் உண்மையச் சொல்லிருங்க. அந்த மனுசன் நம்மள நம்பி வாறவர்." அப்பா முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டே, "ஓம், சொல்லத்தான் வேணும்" என்றார். அப்பாவின் குரல் அவ்வளவு சிறுத்து நான் கேட்டதில்லை. நானாவின் வீட்டிலிருந்து பாதி வழிகூடத் திரும்பி வராமல், நடுத்தெருவில் அப்பா வண்டியைத் தள்ளிக்கொண்டு நிற்பது என் கண்ணுக்குள் வந்தது. வண்டி போவதற்கு அழுதவள், இப்போது அப்பா தோற்கப்போகிறார் என்று அழுதேன்.

சனிக்கிழமை காலை நானா வந்தார். இருவருமாகக் குழாயைக் கழற்றித் தாங்கியில் இருந்ததையெல்லாம் ஒரு வெள்ளைப் பிளாஸ்ரிக் கானுக்குள் வடித்தார்கள். கடையில் எண்ணெய் அளக்கும் லீற்றரைக் கொண்டு வந்து, தலைதட்ட ஒரு லீற்றர் அளந்து ஊற்றினார்கள். அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "தேத்தண்ணியக் குடிங்க நானா, மறுகா ஓடிப் பாப்பம்" என்று அப்பா அவரை அழைத்துக்கொண்டு உள்ளே போனார். எதையோ சொல்லத் தொடங்கும் மனிதனின் நடை அது என்று இப்போது தோன்றுகிறது. அன்று எனக்குத் தோன்றியதெல்லாம், முற்றத்தில் நானும் வண்டியும் கானும் மட்டும் இருக்கிறோம் என்பதுதான்.

அரிசிப் பானைக்குள் சுண்டு கிடந்தது. ரின்பால் வந்த தகரப் பேணிதான், அரிசி அளப்பதால் அதற்குச் சுண்டு என்று பெயர். அதை எடுத்து வந்து கானிலிருந்து ஒரு சுண்டு ஊற்றி, புனல் வைத்துத் தாங்கிக்குள் விட்டேன். கொஞ்சம் மண்ணில் சிந்தியது. சாம்பல் போட்டுச் சுண்டைக் கழுவி மறுபடியும் அரிசிக்குள் போட்டேன். ஒரு தேநீர் குடித்து முடிக்கும் நேரம்தான் எல்லாம்.

வெளியே வந்த அப்பா, வழியில் நின்றால் ஊற்றுவதற்கென்று ஒரு போத்தலில் பெற்றோல் எடுக்கக் கானைத் தூக்கினார். அது ஒளி ஊடுருவும் கான். மட்டம் வெளியிலேயே தெரியும். தூக்கியவர் ஒரு கணம் அப்படியே நின்றார். "என்ன தம்பி, குறையுதா?" என்றார் நானா.

"வெயில் நானா. காத்துல போயிரிச்சு" என்றார் அப்பா.

மத்தியானத்துக்கு முன் திரும்பி வந்தார்கள். பட்டிருப்புப் பாலத்தையும் கடந்து, எங்கள் தெரு முனையில் வந்துதான் வண்டி இருமி நின்றதாம். நானா குழந்தைபோலச் சந்தோஷப்பட்டார். வண்டியின் தலையில் தட்டி, "அறுபத்திரண்டு!" என்று அம்மாவிடம் கத்தினார். அப்பாவும் சிரித்தார். நான் எதிர்பார்த்த அளவுக்கு அல்ல. பேச்சு முடிந்தது, கைகொடுத்தார்கள், ஈர்க்கையும் சாவியையும் அப்பா ஒன்றாகக் கொடுத்தார். போகும்போது நானா என் தலையில் கைவைத்து, தீபாவளிக்கு எனக்குப் பூப்போட்ட சீத்தைத் துணி கொண்டுவருவதாகச் சொன்னார்.

அன்று சோற்றில் பெற்றோல் மணத்தது. அம்மா அரிசி தந்த சங்கக்கடையைத் திட்டினாள். அக்கா தட்டைத் தள்ளி வைத்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன். அப்பா மட்டும் எல்லாவற்றையும் சாப்பிட்டு, இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார்.

தீபாவளிக்கு நானா வரவில்லை. ஓடு போட்ட வீட்டில் பழைய உடுப்போடு கொண்டாடினோம். அது முடிந்து ஒரு கிழமையில் வாசல் படலையடியில் வண்டிச் சத்தம் கேட்டு நான்தான் முதலில் ஓடினேன். நானா மெலிந்திருந்தார். வாங்கில் உட்கார்ந்து, கோபமே இல்லாத குரலில் சொன்னார். மாங்கேணியில் பாதி மூட்டை விற்றிருக்கிறது. திரும்பும்போது ஈர்க்கை விட்டுப் பார்த்தார். ஒரு கோடு ஈரம். அரை லீற்றர், முப்பது கிலோமீற்றர், ஓட்டமாவடிப் பெற்றோல் செட்டுக்குப் போதும் என்று கணக்குப் பார்த்துப் புறப்பட்டார்.

"ஓட்டமாவடிக்கு நாலு கட்டை இரிக்கக்குள்ள நிண்டிட்டு தம்பி. காட்டுப் பக்கம், ஒரு வீடு இல்ல. மழையும் புடிச்சிட்டு."

அந்த முழங்காலோடு நாலு மைல் தள்ளியிருக்கிறார். மூட்டை முழுதும் நனைந்து, சாயம் ஒன்றோடொன்று ஊறி, வீட்டார் மாதக்கணக்கில் நெய்த சாரன்கள் விற்க ஆகாமல் போயின. பிறகு அவரே ஒரு லீற்றர் ஊற்றி ஓடிப் பார்த்தாராம். நாற்பத்தைந்து.

அதைச் சொல்லிவிட்டு, பையைத் திறந்து ஒரு துணியை எடுத்து என்னிடம் நீட்டினார். மஞ்சளில் சிவப்புப் பூ. ஓரத்தில் நீலச் சாயம் ஊறியிருந்தது. "மகளுக்குச் சொன்னது. கொஞ்சம் கறபட்டிட்டு, குறை நினைக்காத" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் உள்ளே ஓடி இரண்டு கிளாசில் தண்ணீர் எடுத்து வந்தேன். நான் வரும்போது அப்பா தரையைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டிருந்தார். "அண்டைக்கு ரெண்டு பேரும் சேந்துதானே நானா ஓடிப் பாத்தம்."

நானா என் கையிலிருந்து கிளாசை வாங்கினார். "ஓம். அதுவும் உண்மதான்" என்றார். தண்ணீரை முழுதும் குடித்தார். எழும்பிப் போகும்போது ஈர்க்கை வாங்கில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் எங்கள் தெருவுக்கு வரவில்லை. எந்தக் கலவரத்துக்கும் நிற்காத மனிதர் அதோடு நின்றுவிட்டார். அப்பாவும் காத்தான்குடிக்குப் போவதென்றால் பஸ்ஸில் போய், அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு வருவார். அறுபது என்ற சொல்லை அவர் வாயால் நான் அப்புறம் கேட்கவில்லை.

நான் செய்தது யாருக்கும் தெரியாது என்றுதான் வளர்ந்தேன். பெரியவளாகி அதை நினைத்துக் கூசினாலும், அப்பாவிடம் சொல்லி அவரை எதற்கு நோகடிக்க வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் தெரியாமலேயே போய்விட்டார் என்று நம்பினேன். நானாவையும் தேடிப் போகவில்லை. பஸ் அந்த ஊரைக் கடக்கும்போது மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. கடைசியில் ஒரு நாள் போய்க் கேட்டபோது, நானா இறந்து பல வருடம் என்றார்கள்.

பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற அந்த வருடம், அப்பா இறந்து இரண்டு வருடமாகியிருந்தது. கணவரின் வண்டிக்காகக் கிடைத்த கொஞ்சப் பெற்றோலைப் போத்தலில் ஊற்றிக் குசினிச் சுவரோரம் வைத்திருந்தேன். மூடி சரியாக இறுகாத போத்தல். காற்றில் போய்விடுமோ என்ற பயத்தில் பேனையால் கோடு போட்டுவிட்டுக் காலையும் மாலையும் பார்த்தேன். மூன்று நாளில் ஒரு நூலளவு இறங்கியிருந்தது. நான் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு சுண்டுப் பெற்றோல் ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் காற்றில் போகாது. ஈர்க்கின் ஈரத்தைப் பார்த்துப் பெற்றோல் அளந்த மனிதனுக்கு அது தெரியாமலிருக்க வழியே இல்லை. மட்டத்தைப் பார்த்தவுடன் தெரிந்திருக்கிறது. சோற்றில் வாய் வைத்ததும் யார் என்பதும், எதனால் அளந்தாள் என்பதும் தெரிந்திருக்கிறது. உண்மையைச் சொல்ல வாயெடுத்தவருக்குச் சொல்லாமல் தப்ப ஒரு வழியை நான்தான் ஊற்றிக் கொடுத்தேன். அவரும் அதில் போனார். என்னைக் காப்பாற்றினாரா, அக்கா வீட்டுக் கூரையைக் காப்பாற்றினாரா, தன் அறுபதையா என்று இனி யாரிடம் கேட்பது?

அந்த ஒரு பார்வைதான் என்னை விடுவதில்லை. நானாவின் கையில் கறை பட்ட துணி. அப்பா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார், வெகுநேரம். அவரால் முடியாததை நான் சொல்லிவிடுவேன் என்று காத்திருந்தார். வந்தவருக்குத் தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்து நான் உள்ளே ஓடினேன்.