தாளைப் பிடிக்காத கை

“வாய்க்கு முன்னால ஒரு தாளைப் பிடிச்சுக்கோங்க. மந்திரத்துல வர்ற ‘பூர்’ல மூச்சை அழுத்திச் சொல்லணும், அதுல தாள் ஆடணும்” என்றாள் ஃபோனில் மந்திர வகுப்பு எடுக்கும் பெண். என் மகள் காலண்டர் தாளைக் கிழித்தாள். அந்தச் சத்தம் கேட்டதும் எனக்குள் பழைய ஆத்திரம் மூண்டது.

சிறு வயதில் வடசேரியில், எங்கள் தெருக் கோயிலில் ஞாயிறுதோறும் சமய வகுப்பு நடக்கும். அங்கும் மந்திர உச்சரிப்புக்கு இதே தாள் சோதனைதான். விபூதி மணக்கும் மண்டபத்தில் சார் ஒவ்வொரு பிள்ளையின் வாய்க்கு முன்னாலும் தானே தாளைப் பிடித்துப் பார்ப்பார். சந்தையில் வாழைக்குலை சுமப்பவரின் மகளான என்னிடம் மட்டும் வரமாட்டார்.

“நீ அங்கயே நில்லு மக்கா. ஒனக்க தாளை நீயே பிடிச்சுக்கோ.”

அந்த ‘மக்கா’வில்தான் எத்தனை தேன்!

வீட்டில் நான் சொல்லிப் பழகும்போது அப்பா ஃபேனை நிறுத்திவிடுவார். காற்றில் தாள் ஆடிவிடக் கூடாதாம். வேர்வை வழிய உட்கார்ந்து என் தாளையே பார்த்துக்கொண்டிருப்பார்.

பரீட்சை நாளில் மற்றவர்களின் தாள் லேசாகக்கூட அசையவில்லை. என் தாள் துள்ளியது. சார் சிரித்தார்.

“ஏட்டி, கையை ஆட்டாதே.”

“ஆட்டலை சார். நீங்களே பிடிச்சுப் பாருங்க.”

அவர் பிடிக்கவில்லை. “அடுத்த ஆளு வா” என்றார்.

“அம்மா, இதைக் கொஞ்சம் பிடியேன்” என்று மகள் தாளை நீட்டினாள். வாங்கி, அலமாரி விளிம்பில் தொங்கும்படி டேப் போட்டு ஒட்டினேன். ஃபேனை நிறுத்தினேன்.

“இப்ப சொல்லுட்டி. எவன் வந்து என்ன சொல்லுவான், பாப்போம்.”