டைப்பிஸ்ட் விட்ட இடம்

எழுபதுகளின் தொடக்கம். பி.எச்டி. முடித்துவிட்டு மேற்கு மாம்பலத்து அறையில் வேலையில்லாமல் கிடந்தேன். அப்போது நான் படித்த பல்கலைக்கழகத்தில், பி.எச்டி. முடித்தவர்களுக்கென்று ஓர் ஆராய்ச்சிப் பதவி அறிவித்தார்கள். இடம் ஒன்றே ஒன்று. என்னோடு ஒரே ஆய்வகத்தில் இருந்த சரோஜாவும் விண்ணப்பித்திருந்தாள்.

நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை ஒன்று வெளியாகியிருந்தது. சோதனைகளில் பாதிக்கு மேல் அவள் செய்தவை. என் விண்ணப்பத்தில் அந்தக் கட்டுரையைக் குறிப்பிட்டபோது அவள் பெயரை விட்டுவிட்டேன். மறதியால் அல்ல, வேண்டுமென்றேதான்.

எங்கள் துறைக்காரர்கள் எல்லோரும் போகும் தி. நகர் டைப்பிங் கடையிலேயே அதைக் கொடுத்தேன். மறுநாள் போனபோது டைப்பிஸ்ட் தாளை நீட்டினார். அந்தக் கட்டுரை வரியில் என் பெயருக்கு முன்னால் வெற்றிடம் இருந்தது.

“போன வாரம் அந்தம்மா அப்ளிகேஷனும் நான்தான் சார் அடிச்சேன்,” என்றார் தாழ்ந்த குரலில். “அதுல இதே கட்டுரைக்கு உங்க பேரும் கீது. நீங்க அவசரத்துல மறந்துட்டீங்க போலன்னு எடம் வுட்டு வெச்சேன்.”

“ஆமாங்க, மறந்துட்டேன்,” என்றேன். அவர் கார்பனோடு தாளை மறுபடி மாட்டி அவள் பெயரை அடித்தார்.

வேலை சரோஜாவுக்குத்தான் கிடைத்தது. அந்த விண்ணப்பத்தின் கார்பன் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. கழற்றிய தாளைத் திரும்ப மாட்டினால் வரி சரியாகச் சேராது. அவள் பெயர் என் பெயரைவிட ஒரு நூல் உயரத்தில் நிற்கிறது. நிற்கட்டும்.