அண்ணன் இளைத்த கதை

என் அண்ணன் இளைக்க ஆரம்பித்தபோது எல்லோரும் பாராட்டினார்கள். நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பட்டறையில் அவருக்குக் குண்டு என்றுதான் பெயர். சமையல் மேடைக்குப் போடும் கற்பலகைகளை அறுப்பதும் தேய்ப்பதும் இருபத்திரண்டு வருஷ வேலை. இமையெல்லாம் வெள்ளைத் தூளோடு வீட்டுக்கு வருவார். மூக்கில் கட்டிக்கொள்ள முதலாளி கொடுத்தது ஒரு கைக்குட்டை. நுரையீரல் கெட்டு, மாடிப்படி ஏற முடியாமல் வேலையை விட்டபோது அதே முதலாளி, "உடம்பு நல்லா ட்ரிம் ஆயிடுச்சே!" என்று தோளில் தட்டினார். அந்தக் கையை நான் உடைத்திருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு முறையும் எடை பார்த்து நோட்டில் எழுதினார்கள். அறுபத்தெட்டு, அறுபது, ஐம்பத்திரண்டு, நாற்பத்து மூன்று. எழுதியவர்களில் ஒருவராவது முந்தின வரியைப் படித்தாரா?

வீட்டில் அண்ணி ஒரு பக்கம். பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள் என்று பால், முட்டை, வாழைப்பழம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாள். சளி கட்டுமாம். வயிறு நிறைந்தால் மூச்சு முட்டுமாம். வேளைக்கு ஒரு கிண்ணம் தண்ணீர்க் கஞ்சி. அதிலும் பாதியை வைத்துவிட்டு, "போதும்மா, பசியில்ல" என்பார். வாரம் ஒருமுறை எட்டிப் பார்க்கும் நான் மட்டும் யோக்கியமா? "என்னண்ணா, அண்ணி சமையல் தொண்டையில எறங்கலையா?" என்று குத்திவிட்டு வந்தேன்.

போன மாதம் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். அண்ணி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் சமையலறையில் நின்றபடி ரொட்டி தின்றுகொண்டிருந்தார். ஒரு வாய் மெல்லுவார். உடனே மூச்சு வாங்கும். மேடையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து இழுத்து இழுத்து விடுவார். பிறகு அடுத்த வாய். என்னைப் பார்த்ததும் ரொட்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். ஐம்பத்தோரு வயது மனுஷன்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். புதிதாக வந்திருந்த டாக்டரம்மா நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார். "மூச்சு விடறதுக்கே இவருக்கு மத்தவங்களைவிட நிறைய சக்தி செலவாகுது. யாரு இவரைப் பட்டினி போடச் சொன்னது?" என்றார். மென்று விழுங்க எளிதாக இருப்பதை, ஆறு வேளை, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். முட்டை, பால், எண்ணெய் எல்லாம் வேண்டும். இன்னும் இளைத்தால் அடுத்த நெஞ்சுச்சளியை இந்த உடம்பு தாங்காதாம்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணியைப் பிடித்துக்கொண்டேன். "கொல்லப் பாத்தீங்களே அண்ணி!"

"நல்லதுன்னு நெனச்சுதானே செஞ்சேன்? வாரத்துக்கொருக்கா வந்து வாயாடிட்டுப் போறவ பேசாத!"

குரல் ஏறிக்கொண்டே போனது. மசித்த முட்டையை ஸ்பூனால் எடுத்துத் தின்றுகொண்டிருந்த அண்ணன் கையை உயர்த்தினார்.

"ரெண்டு வருஷமா... பசிதான்."

"வாயத் திறந்து சொல்றதுக்கென்ன?" என்று அவர் மேலும் பாய்ந்தேன்.

"சொன்னா... நீங்க ரெண்டு பேரும்... இப்படித்தான் சண்டை போடுவீங்க."

மூச்சை இழுத்துக்கொண்டு, தட்டை எங்கள் பக்கம் தள்ளினார். "இன்னொன்னு இருக்கா?"