கரடிப்பாறையில் விட்டு வந்த பிள்ளை

தென்னூரில் ஒரு பள்ளி விடுதியில் இருபத்தாறு வருடம் சமைத்தவர் ரோசம்மாள். கணவர் விக்டர் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். போன வருடம் சாவதற்கு இரண்டு நாள் முன்னால், "அவனைத் தனியா விட்டுட்டு வந்துட்டோமே" என்றார். அதுவரை நாற்பது வருடம் அவர் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

தனக்கு ஓர் அண்ணன் இருந்தது மகள் லின்சிக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ஏம்மா என்கிட்ட சொல்லவே இல்ல?"

"சொன்னா அப்பா தாங்க மாட்டாரும்மா."

கல்யாணமான புதிதில் மேற்கு மலையில் கரடிப்பாறை ஸ்டேஷனில் விக்டருக்கு வேலை. சாலை கிடையாது, மீட்டர் கேஜ் ரயில் மட்டும்தான். ஏழு மாதப் பிள்ளை பிரிட்டோவுக்குக் காய்ச்சல் கண்டபோது ஐப்பசி மழை. மண் சரிந்து தண்டவாளத்தை மூடியது. இரண்டு நாள் ரயில் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தபோது பிள்ளை இல்லை. குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் புதைத்துவிட்டு, மாற்றல் வாங்கிப் பொன்மலைக்கு வந்துவிட்டார்கள். பிறகு அகலப் பாதை வேறு வழியாகப் போனது, ஸ்டேஷனையும் மூடிவிட்டார்கள்.

விக்டரின் முதலாண்டுத் திருப்பலி முடிந்ததும் ரோசம்மாள் மகளோடு கிளம்பினார். வனத்துறைக் காவலர் ஒருவர் துணைக்கு வந்தார். ஜீப்பை விட்டிறங்கி ஒரு மணி நேர நடை. தண்டவாளம் பெயர்த்த பாதையில் ஜல்லி காலைக் குத்தியது.

ஸ்டேஷனுக்குக் கூரை இல்லை. டிக்கெட் ஜன்னலுக்குள் மரம் வளர்ந்திருந்தது. ரோசம்மாள் நிற்காமல் பின்பக்கம் போனார். அங்கே குவார்ட்டர்ஸ் இல்லை. பள்ளம்தான் இருந்தது.

"ஏழு வருஷம் முன்னால பெஞ்ச மழையில இந்தப் பக்கம் அப்படியே இறங்கிடுச்சும்மா" என்றார் காவலர்.

ரோசம்மாள் பையிலிருந்து மெழுகுவர்த்தியை எடுத்தார்.

"காட்டுல தீ கூடாதும்மா..." காவலர் தயங்கிச் சொன்னார்.

லின்சி ஏதோ சொல்ல வந்தாள். ரோசம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அவர் சொல்றது சரிதான்."

பள்ளத்தின் விளிம்பில் நின்று பரலோக மந்திரம் சொன்னார். முடித்தும் அங்கேயே நின்றார்.

"பிரிட்டோ, அப்பா உன்கிட்ட வந்துட்டாராப்பா?"

நாற்பது வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயரைச் சத்தமாகச் சொன்னார். அப்புறம்தான் அழுதார்.

ஊர் திரும்பிய வாரம் கல்லறைத் தோட்டத்துக்குக் கல் வெட்டுகிறவரை வரவழைத்தார். விக்டர் பெயருக்குக் கீழே மகன் பெயரையும் வெட்டச் சொன்னார்.

"தேதி தெரியுமாம்மா?"

"பொறந்தது மார்ச் பதினொண்ணு. இறந்தது அக்டோபர் இருபத்தாறு. எண்பத்தி மூணு."

"எழுத்தைப் பெரிசா வெட்டட்டுமா?"

"வேணாங்க, சின்னதாவே இருக்கட்டும். எனக்கும் இடம் வேணும்ல."