பூஜையில் வைத்த ஜாக்கி

எங்கள் சந்தில் யாருக்கும் அலாரம் தேவைப்பட்டதில்லை. முனிகிருஷ்ணன் தன் பிக்கப் வண்டியை அடிக்கிற சத்தத்தில்தான் எல்லோரும் எழுந்தோம். அடிக்கிற என்று சும்மா சொல்லவில்லை. ஸ்டார்ட்டர் மோட்டார் மக்கர் செய்யும். அவன் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு சுத்தியால் அதன் மேல் நாலு போடு போடுவான். மேலே டிரைவர் சீட்டில் இருக்கும் அவன் மனைவி சுனிதா அந்த நேரம் பார்த்துச் சாவியைத் திருப்ப வேண்டும். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் அடுத்த போடு அவளுக்கு.

நான் பக்கத்து வீட்டு ராதா. பெங்களூர் சிவாஜிநகரில் ஒரு துணிக்கடையில் வேலை. பிரேசர் டவுனுக்குப் பின்னால், ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது எங்கள் வரிசை வீடுகள். அவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். அங்கே பாத்திரம் விழுந்தால் இங்கே தெரியும், ஆள் விழுந்தாலும் தெரியும். சுனிதாவைப் பற்றிச் சொல்ல எனக்கு இதைவிட வேறு தகுதி வேண்டுமா?

அவள் கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெண். நெட்டையாக, ஒல்லியாக இருப்பாள். சிரித்தால் சந்துமுனை வரை கேட்கும். அவன் ஓசூரிலிருந்து காய்கறி ஏற்றி வந்து மார்க்கெட்டுகளுக்குப் போடுகிறவன். வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று அவனுக்கே தெரியாது. மீட்டர் என்றைக்கோ நின்றுபோனது. பானெட்டைக் கம்பி போட்டுக் கட்டியிருப்பான். கால் வைக்கிற இடம் துருப்பிடித்துப் பொத்தலாகி, எண்ணெய் டின்னைத் தட்டி மேலே அடித்திருப்பான். டிரைவர் பக்கத்துக் கதவை வெளியிலிருந்து மட்டும்தான் திறக்க முடியும்.

அப்படிப்பட்ட வண்டியை மெக்கானிக்கிடம் கொடுக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். எந்த மெக்கானிக்கும் அவனைக் கடைக்குள் விடமாட்டான். கடைசியாகப் பார்த்தவன் காக்ஸ் டவுன் யூஜின். கிளட்ச் சரியாக உட்காரவில்லை என்று முனிகிருஷ்ணன் அவன் முன்பல்லை உடைத்துவிட்டு வந்தான். அதற்குப் பிறகு ரிப்பேர் எல்லாம் வீட்டு வாசலில்தான். கையாள், சுனிதா.

அவளுக்கு இரண்டு வேலை. ஒரு கையில் டார்ச் பிடிக்க வேண்டும். இன்னொரு கையால் ஜாக்கியின் கம்பியை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஜாக்கி வண்டியைவிடக் கிழம். உள்ளே வாஷர் தேய்ந்து எண்ணெய் கசியும். ஏற்றினால் நிற்காது, அழுத்துவதை நிறுத்தினால் வண்டி மெல்ல மெல்ல இறங்கும். புது ஜாக்கி வாங்கேன் என்று சந்தே சொல்லிப் பார்த்தது. இருக்கிறவளை வைத்துக்கொண்டு எதற்கு வாங்குவது என்று நினைத்தானோ என்னவோ, வாங்கவில்லை.

ஒரு நாள் டார்ச் வெளிச்சம் ஆடியது என்று அடியில் படுத்தபடியே வீல் ஸ்பானரை வீசினான். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு எலும்பு உடைகிற சத்தம் கேட்டது. அன்றிலிருந்து அவளுடைய இடது கையில் இரண்டு விரல் மடங்காது. ஆஸ்பத்திரியில் கீழே விழுந்தேன் என்று சொன்னாள். கூடப் போன எனக்குத்தான் வயிறு எரிந்தது.

"ஏன்டி, அந்தாளு அடியில படுத்துனு இருக்கும்போது அவன் உசுரு உன் கைலதான இருக்கு?" என்று ஒரு முறை கேட்டேன்.

"அது எனக்குத் தெரியும்க்கா. அவருக்குத்தான் தெரியல" என்று சொல்லிவிட்டுப் பல் தெரியச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் அவன் சாப்பாட்டுத் தட்டை அவள் முகத்தில் அடித்தான். "அடுத்த வாட்டி கை கெடையாது, தலைதான்" என்று சொன்னதை நானும் சுவர் வழியாகக் கேட்டேன். மறுநாள் சுனிதா ஒரு ரெக்ஸின் பையில் இரண்டு புடவையைத் திணித்துக் கொண்டுவந்து என் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். பண்டிகை முடிந்த மறுநாள் கிருஷ்ணகிரிக்கு, அக்கா வீட்டுக்குப் போய்விடுவதாக முடிவு. பண்டிகை வரைக்கும் எதற்குக் காத்திருக்கிறாய் என்று திட்டினேன். பண்டிகை நாளில் வீட்டை இருட்டாக விட்டுப் போக மாட்டாளாம். அடி வாங்குகிற வீட்டுக்கு விளக்கு வேறு!

பெங்களூரில் ஆயுத பூஜை என்றால் பூசணிக்காய். ஆட்டோக்காரன் முதல் ஆபீஸ்காரன் வரை குங்குமம் தடவி நடுரோட்டில் உடைப்பார்கள். முனிகிருஷ்ணன் அந்த வருஷம் வண்டி தாங்காத அளவுக்குப் பூசணிக்காய் ஏற்றி வந்தான். சந்து வாசலிலேயே பின்பக்க ஸ்பிரிங் பட்டை படார் என்று உடைந்தது. பாதிச் சரக்குதான் விற்றிருந்தது. மீதியை இறக்கச் சோம்பல். சரக்கோடேயே வண்டியைத் தூக்கி, சட்டத்துக்கு அடியில் சைஸ் கற்களை அடுக்கி நிறுத்தி, பட்டையை மாற்றினான். எங்கள் ஊரில் வீட்டு அஸ்திவாரத்துக்குப் போடும் கருங்கல் அது. பூராவும் சுனிதா ஜாக்கி அழுத்தினாள். டயரையும் மாட்டியாயிற்று. கல்லை உருவி இறக்குவதுதான் பாக்கி.

பண்டிகைக் காலையில் அந்தப் புத்திசாலி என்ன செய்தான் தெரியுமா? சுத்தி, ஸ்பானர், ஜாக்கி எல்லாவற்றையும் சீயக்காய் போட்டுக் கழுவி, மணையில் அடுக்கி, விபூதி குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டிப் பூஜையை முடித்துவிட்டான். வண்டிக்கு மாலை போட்டான். நான்கு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, ஏறி நசுக்கக் கிளம்பும்போதுதான் எதிர்வீட்டுக் கிழவர் சேஷகிரி வாயைத் திறந்தார்.

"முனி, வண்டி இன்னும் கல்லு மேலயே குந்தினு இருக்கேப்பா!"

சந்தே சிரித்தது. சுனிதாவும் சிரித்தாள், சந்துமுனை வரை கேட்கிற அதே சிரிப்பு. அவன் திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தான்.

பூஜையில் வைத்த சாமானை மறுநாள் மறுபூஜை முடிகிறவரை தொடக் கூடாது. எங்களில் யாரும் தொட மாட்டோம். நான் என் கத்திரிக்கோலைக்கூடத் தொட மாட்டேன். மனைவியை அடிக்கக் கூசாதவன், சாமி ஜாக்கியைத் தொடக் கூசினான். "சுத்தி இல்லன்னா கல்லு" என்று முறைத்துக்கொண்டு ஒரு கருங்கல் துண்டை எடுத்து வண்டிக்கு அடியில் நுழைந்தான். வலது கையைத் தொங்குகிற டயருக்குக் கீழே நீட்டி, முட்டுக்கல்லை அடித்தான். ஒவ்வொரு அடிக்கும் சுனிதாவின் அம்மாவை இழுத்து ஒரு கெட்ட வார்த்தை.

கல் நழுவியது. பூசணிக்காய்ச் சுமையோடு வண்டி அப்படியே உட்கார்ந்தது. டயர் அவன் தோளுக்குக் கீழே ஏறி நின்றது. ஸ்பிரிங்கைப் பிடிக்கிற போல்ட் முனை மார்பில் இறங்கியது. அவன் போட்ட அலறல் மாடு கத்துவதைப் போல இருந்தது.

ஆம்பளைகள் எல்லோரும் அதற்குள் ஆட்டோ ஸ்டாண்ட் பூஜைக்குப் போயிருந்தார்கள். அங்கே சரவெடி வெடித்துக்கொண்டிருந்தது, நாங்கள் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. சேஷகிரி தள்ளாடிக்கொண்டே ஆள் கூப்பிடப் போனார். பொம்பளைகள் நாங்கள் சேர்ந்து தூக்கிப் பார்த்தோம், அசையவில்லை. சுமையைக் குறைக்கலாம் என்று நான் வண்டிமேல் ஏறிப் பூசணிக்காய்களை எடுத்து எடுத்து வீசினேன். அவை ரோட்டில் விழுந்து சிதறின. ஏற்கெனவே உடைத்த காய்களின் குங்குமச் சிவப்போடு அந்தச் சதை கலந்து, எது அவன் ரத்தம் எது பூசணி என்று தெரியவில்லை.

சுனிதா ஓடிப்போய் மணையோடு ஜாக்கியைத் தூக்கி வந்தாள்.

"ஏய்! பூஜைல வெச்சதுடி அது! தொட்ட, கைய ஒடிச்சுடுவேன்!" என்று அடியிலிருந்து கத்தினான். மார்பில் இரும்பு இறங்கிக்கொண்டிருக்கும்போதும் அந்த மிரட்டல் போகவில்லை.

அவள் மணையை வழுக்குகிற தரையில் போட்டு, அதன்மேல் ஜாக்கியை வைத்து, சட்டத்துக்கு அடியில் சரியாகப் பொருத்தினாள். குங்குமம் அவள் கையில் ஒட்டியது. கம்பியை மாட்டி அழுத்த ஆரம்பித்தாள். வண்டி கிரீச்சிட்டு எழுந்தது. டயர் அவன் கையை விட்டு லேசாக விலகியது.

"ஏத்து... இன்னும் ஏத்து..." என்று முனகினான்.

அவள் அழுத்துவதை நிறுத்தினாள்.

எண்ணெய் கசிகிற ஜாக்கி. வண்டி இறங்க ஆரம்பித்தது. நான் வண்டிமேல் ஒரு பூசணிக்காயைக் கட்டிக்கொண்டு உறைந்து நின்றேன். என் மனசில் ஒரு மூலை, விட்டுவிடுடி, அப்படியே விட்டுவிடு என்றது. இன்னொரு மூலை பதறியது. பொய் சொல்ல மாட்டேன், முதல் குரல்தான் பெரிசாகக் கேட்டது.

"யோவ்" என்றாள் சுனிதா. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை ஏங்க என்று கூப்பிட்டுத்தான் கேட்டிருக்கிறேன். "சாவி எங்க?"

"அடியேய்... இறங்குதுடி... அழுத்துடி..."

"சாவி."

டயர் மறுபடி சதையைத் தொட்டது. அவன் வீறிட்டான். இடது கையால் சட்டைப்பையைத் துழாவிச் சாவியை எடுத்து அவள் காலடியில் எறிந்தான்.

"இனிமே என் மேல கை வெப்பியா?"

"இல்லம்மா... சாமி சத்தியமா இல்ல..."

"சத்தியம் உன்னாண்டயே இருக்கட்டும். அத நெறைய பாத்துட்டேன். எந்தக் கைல என்னை அடிச்சியோ, அது டயருக்கு அடியில இருக்கு. ஞாபகம் வெச்சுக்க." அவள் குரலில் ஆத்திரம்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பிறகு அவள் அழுத்தினாள். மடங்காத இரண்டு விரலும் நீட்டிக்கொண்டு நிற்க, முழு உடம்பையும் போட்டு அழுத்தினாள். நான் குதித்து இறங்கி அவன் காலைப் பிடித்து இழுத்தேன். தோள் ஒரு பக்கம், கை ஒரு பக்கமாகத் தொங்கியது. ஆள் கூப்பிடப் போன கிழவரைக் காணோம், ஆம்புலன்ஸ் பூசணி உடைக்கிற கூட்டத்தைத் தாண்டி அந்தச் சந்துக்குள் எப்போது வருவது? மிச்சக் கற்களையும் ஜாக்கியையும் உருவிவிட்டு, பொம்பளைகள் எல்லோருமாக அவனைத் தூக்கி வண்டிப் பின்னால் காய்களோடு காயாகக் கிடத்தினோம். சாவியை என் கையில் கொடுத்து எப்போது திருப்ப வேண்டும் என்று சொன்னாள். பூஜை சாமான்களில் இருந்த சுத்தியை எடுத்துக்கொண்டு அடியில் போய் ஸ்டார்ட்டர் மேல் ஒரே போடு. நான் திருப்பினேன். வண்டி பிடித்துக்கொண்டது.

வாசலில் முன்னே பின்னே நகர்த்தியது தவிர அவள் வண்டி ஓட்டியதே இல்லை. ஆனாலும் ஏறி உட்கார்ந்தாள். நான் பின்னால் தாவி ஏறிக்கொண்டேன். நான்கு எலுமிச்சம்பழமும் சக்கரத்துக்கு அடியில் பட் பட்டென்று நசுங்கின. அவன் வலியில் ஊளையிட, வழுக்குகிற ரோட்டில் வண்டி ஆடி ஆடி ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தது.

முனிகிருஷ்ணன் பிழைத்தான். வலது கை மட்டும் தோளுக்கு மேலே எழும்புவதில்லை, ஸ்பானரைப் பிடிக்க விரலில் பலமில்லை. சுனிதா கிருஷ்ணகிரிக்குப் போகவில்லை. லைசென்ஸ் எடுத்தாள். ஓசூர் சரக்கு இப்போது அவள்தான் ஏற்றி வருகிறாள். ரேடியேட்டரைக் கழற்றுகிறாள், பிரேக் ஷூ மாற்றுகிறாள், அடியில் படுத்து எழுந்தால் ஆள் அடையாளமே தெரியாது. கழன்று விழப்போகிற சைலன்சரைக் கம்பியால் கட்டிவிட்டு அவள் திட்டுகிற திட்டு அவனுடையதைவிட ஒரு படி மேல். முதல் வேலையாகப் புது ஜாக்கி வாங்கிவிட்டாள். அது நின்ற இடத்தில் நிற்கும். இடது கையால் டார்ச் பிடிப்பது அவன் வேலை. ஸ்பானருக்காக அவள் கை வெளியே நீளும் போதெல்லாம் அவன் தலையைக் குனிந்துகொள்வதை நான் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். பார்த்துச் சந்தோஷப்பட்டும் இருக்கிறேன். நல்லா வேணும் என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன்.

போன மாதம் ஒரு நாள் சாயங்காலம் சுவரில் ஏதோ ணங்கென்று மோதியது. என் பக்கத்துச் சாமி படம் ஆடியது. ஓடிப் போய்ப் பார்த்தேன். அவர்கள் வீட்டுச் சுவரில், முனிகிருஷ்ணன் தலைக்குப் பக்கத்தில், செங்கல் பெயர்ந்திருந்தது. கீழே வீல் ஸ்பானர் கிடந்தது. அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, டார்ச்சை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றான். சுனிதா வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். கிரீஸ் கையை என்னிடம் காட்டினாள்.

"வழுக்கிடுச்சுக்கா" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

விளக்கு வைத்த பிறகு என் வீட்டுக்கு வந்தாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து அந்த ரெக்ஸின் பையை இழுத்தாள். தூசியைத் தட்டி, இரண்டு புடவையையும் வெளியே எடுத்தாள். கையோடு கொண்டுவந்திருந்த முனிகிருஷ்ணன் சட்டைகளை மடித்து உள்ளே வைத்து ஜிப்பை மூடினாள்.

"இன்னாடி இது?"

"இருக்கட்டும்க்கா. இன்னொரு வாட்டி எனக்கு அப்படி வழுக்குச்சுன்னா, இத அவரு கைல குடுத்து எங்கியாவது அனுப்பிடு. என்னைக் கேக்காத."

அவள் போன பிறகு பையைக் கட்டிலுக்கு அடியில் பழைய இடத்திலேயே தள்ளி வைத்தேன்.