ஜெரால்டு அண்ணனின் வெள்ளிக்கிழமைகள்

கடையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது முதலாளி போன் செய்தார். வெள்ளிக்கிழமை காலை.

"தம்பி, நம்ம ஜெரால்டு எறந்துட்டாருப்பா. குளிக்கப் போன எடத்துல நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு உக்காந்தாராம். அவ்வளவுதான்."

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்: "நல்ல படமா ஒன்னு எடுத்து வைங்க. பத்துக்கு ஆறு அடிச்சிருவோம். நம்ம கடை சார்பா."

நாங்கள் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கிறவர்கள். புதுக்கோட்டையில் யார் இறந்தாலும் எங்களுக்குச் செய்தி இப்படித்தான் வரும். ஒரு பெயர். ஒரு படம். ஓர் அளவு. இந்த முறை பெயர் ஜெரால்டு. எங்கள் கடையின் டிசைனர். கடலோரக் கட்டுமாவடிக்காரர். திருக்கோகர்ணத்தில் வாடகை வீடு. நாற்பது வயதைச் சற்றே தாண்டியவர்.

அவரை அறிந்தவர்களுக்கு அவர் சாவுப் பேனர்களை அழகாகச் செய்பவர். அவர் கேட்ட பாட்டுகளைப் பற்றி அறிந்தவன் அநேகமாக நான் ஒருவன்தான். அதனால் எழுதுகிறேன்.

எம்.ஏ. முடித்து வேலை கிடைக்காமல் அந்தக் கடைக்குத் தட்டச்சு செய்யப் போனேன். முதல் நாள் ஜெரால்டு அண்ணன், "வாங்க எம்.ஏ., இங்கிட்டு உக்காருங்க" என்றார். கடைசிவரை அதுவே என் பெயர். அன்று ஒரு குடும்பம் கடையில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது. பேனரின் அடியில் வரும் வருந்துவோர் வரிசையில் மாமன் பெயர் மேலே வர வேண்டுமா, மருமகன் பெயரா என்று. அவர்கள் போனதும் அண்ணன் சொன்னார்: "செத்தவருக்கு எடம் பிரச்சினையே இல்ல. இருக்கறவங்களுக்குத்தான் பத்த மாட்டேங்குது."

கணினியின் சிறிய ஸ்பீக்கரில் ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். மெலிந்த குரல். ஒரு கிட்டார். பின்னால் ஏதோ அறையின் இரைச்சல். யார் என்று கேட்டேன்.

"தெரியாது. இன்னைக்குத்தான் வந்திருக்கு."

உலகம் முழுக்கப் புதுப் பாட்டுகள் வெள்ளிக்கிழமைதான் வெளியாகின்றன என்பதை அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். இண்டி பாப் என்று ஒரு வகை. பெரிய கம்பெனிகளின் ஆதரவு இல்லாமல், படுக்கையறையில், கார் ஷெட்டில் பதிவு செய்கிறவர்கள். மணிலாவில் இரண்டு பேர். போர்ச்சுகலில் ஒரு தாதி. அவர்களை அந்த வாரம் கேட்ட சில இடங்களில் எங்கள் கடையும் ஒன்று. சொற்கள் அவருக்குப் பாதி புரியாது. "புரிஞ்சா வேலை ஓடாது" என்பார். ஒருமுறை, பாடகருக்குச் சுருதி சேரவில்லையே என்றேன். "பாட வராதவங்க பாடுறாங்க. எதுக்கு? யாரும் கேக்கல. அப்பவும் பாடுறாங்க பாருங்க" என்றார். அதில் வியப்பும் இருந்தது, இரக்கமும் இருந்தது.

போன வருடம், ஒரு புதுப் பாட்டு முடிந்த இடத்தில், எங்கிருந்தோ ஒரு பழைய பாட்டு தானாக ஓடியது. அண்ணன் மௌஸிலிருந்து கையை எடுத்தார். அயர்லாந்துக் குழு. 'தி டைட் கிளார்க்ஸ்'. மேற்குக் கரையில் ஒரு மீன்பிடி ஊர். இரண்டு பெண்கள், ஓர் ஆண். ஒரே ஒரு கேசட். பிறகு எதுவும் இல்லை. யாரும் தேடவும் இல்லை. கடல் ஏற்ற இறக்கத்துக்குக் கணக்கு எழுதும் குமாஸ்தாக்கள் என்று பெயருக்குப் பொருள் சொன்னேன்.

"நல்ல உத்தியோகம். கட்டுமாவடிக்கு ஆள் எடுக்கறாங்களானு கேளுங்க. எங்க அண்ணன் சும்மாதான் இருக்கான்."

பாட்டின் கீழே, கருத்து எழுதும் இடத்தில், நான் இரண்டு வரி எழுதினேன், அவர் சொல்லச் சொல்ல. குழுவின் பாடகி நோரா பதில் எழுதினார். அந்தக் கேசட்டை ஒரு சின்ன கம்பெனி மறுபடி வெளியிடப் போகிறதாம். பழைய அட்டைப்படம் தொலைந்துவிட்டது. துறைமுகச் சுவரில் மூவரும் நிற்கும் ஒரு புகைப்படம் மட்டும் மிச்சம். டிரம்ஸ் வாசித்த டெக்லன் இறந்துபோய்விட்டார்.

"அட்டை நான் செய்யறேன்னு எழுதுங்க எம்.ஏ. காசு வேணாம்."

நோரா சம்மதித்தார். அண்ணன் அதுவரை நான் பார்க்காத மனிதராக ஆனார். மதியச் சாப்பாட்டை விட்டார். "நாம அடிக்கறத காரியம் முடிஞ்சதும் அவுத்துருவாங்க. அப்பறம் ஆட்டுக் கொட்டாய்க்குக் கூரை. இது இருக்கும்ல? யாராச்சும் அலமாரில வச்சிருப்பாங்கள்ல?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு: "கீழ சின்னதா பேரு போடுவாங்களா?"

எங்கள் கடைக்கு இறந்தவர்கள் எப்படி வந்து சேர்வார்கள் என்று சொல்ல வேண்டும். ரேஷன் கார்டுப் படம். கல்யாணக் கூட்டத்தில் ஓரமாக, லுங்கியோடு, பாதி மறைந்து நின்ற படம். அவரைத் தனியே வெட்டி எடுப்போம். முகத்தை வெளுப்பாக்குவோம். வேறு யாருடைய சட்டையையோ கோட்டையோ மாட்டிவிடுவோம். தலையில்லாத கோட்டுகள் கணினியில் நிறைய இருக்கின்றன. இறந்தவருக்கு நாங்கள் செய்யும் மரியாதை அது.

அண்ணன் அதையே டெக்லனுக்கும் செய்தார். துறைமுகச் சுவரை நீக்கினார். மழையை எடுத்தார். நீல வானம் வைத்தார். டெக்லன் போட்டிருந்த ஓட்டை விழுந்த ஸ்வெட்டரைக் கழற்றி, வெள்ளைச் சட்டை போட்டார். கழுத்து பொருந்துவதற்கே இரண்டு நாள் ஆனது. அழகாகத்தான் இருந்தது. எனக்கும் எதுவும் உறுத்தவில்லை.

நோராவின் பதிலை நான்தான் தமிழில் வாசித்தேன். மிகவும் கவனமாகச் செய்திருக்கிறீர்கள். ஆனால் இது டெக்லன் இல்லை. அந்த ஓட்டை ஸ்வெட்டர் இல்லாமல் நாங்கள் அவனைப் பார்த்ததே கிடையாது. புகைப்படத்தை அப்படியே போட்டுக்கொள்கிறோம்.

"கிழிஞ்சதோடயா? செத்தவரு இல்லையா அவரு?" என்றார் அண்ணன்.

ஸ்வெட்டரைத் திரும்பப் போட்டுத் தருகிறோம் என்று எழுதினேன். அட்டை அச்சுக்குப் போய்விட்டதாகப் பதில் வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, புதிய வெளியீடுகளின் நடுவே அந்தப் பழைய பாட்டுகள் வந்தன. அண்ணன் திரையில் இருந்த அட்டையின் சின்னச் சதுரத்தையே பார்த்தார். சுவர், மழை, ஸ்வெட்டர். "ஓட்டைதான் மொதல்ல தெரியுது" என்றார். முதல் பாட்டு முடியும் முன்பே நிறுத்திவிட்டு, ஒரு காதுகுத்துப் பேனரைத் திறந்தார்.

அதற்குப் பிறகு கடையில் வெள்ளிக்கிழமை இல்லை. நான் ஏதாவது போட்டால் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். எழுந்து மெஷின் பக்கம் போய்விடுவார். "பாட்டு வந்துக்கிட்டேதான் இருக்கும் எம்.ஏ. கேக்க ஆளில்லாட்டியும் வரும்" என்று ஒருநாள் சொன்னார். ஆறுதலாகச் சொன்னாரா என்று இப்போதும் தெரியவில்லை. அதன்பின் மூன்று மாதம்கூட ஆகவில்லை, போய்விட்டார்.

கடையில் அவரைப் படமெடுத்தவர் வேறு யாருமில்லை. என் போனில் ஒன்று இருந்தது. கரண்டு போன ஒரு மதியம் எடுத்தது. சட்டையின் மார்பில் மெஷினின் நீல மை. ஒரு காதில் இயர்போன். தலை அந்தப் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. சிரிப்பு. அப்படியே போடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் திருக்கோகர்ணத்துக்குப் போனேன்.

செலின் அண்ணி போனை வாங்கிப் பார்த்தார். "இதவா போடப் போறீங்க?"

"இந்தச் சிரிப்பு வேற படத்துல இல்ல அண்ணி."

"சிரிப்பு இருக்கட்டும். சட்டைய மாத்துங்க தம்பி. மையோடவா எங்க ஊரு முக்குல நிப்பாரு? ஊருல உள்ளவங்களுக்கெல்லாம் மாத்தி விட்டாருல்ல, அவருக்கு மாத்த ஆளு இல்லையா?"

நோரா எழுதியதைச் சொல்ல வாயெடுத்தேன். கூடத்தில் அண்ணன் கிடந்தார். வெள்ளைச் சட்டை உடுத்தியிருந்தார்கள். கடைக்குத் திரும்பினேன்.

மாற்றினேன். வெட்டி எடுத்தேன், வானம் வைத்தேன், முகத்தை வெளுப்பாக்கினேன். இயர்போன் ஒயர் புதுச் சட்டையின்மேல் தொங்கியது. அதையும் எடுக்க வேண்டியிருந்தது. எடுத்ததும், தலை ஏன் அப்படிச் சாய்ந்திருக்கிறது என்பதற்குக் காரணம் இல்லாமல் போயிற்று.

அடக்கம் கட்டுமாவடியில். அங்கே கடைத்தெரு முக்கில் பேனரைக் கட்டினோம். கடல்காற்றில் புடைத்து அடங்கிக்கொண்டிருந்தது. கல்லறைத் தோட்டத்திலிருந்து வந்த அவருடைய அண்ணன், வேட்டியில் மண்ணோடு, வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்லா இருக்கான். யாரு செஞ்சது?"

"நாந்தாண்ணே."

"கழுத்துதான் சாஞ்சிருக்கு. நிமித்திருக்கலாம்."

நிமிர்த்தியிருக்கலாம். இரண்டு நிமிட வேலை. நிமிர்த்தவில்லை. போய் வாருங்கள், ஜெரால்டு அண்ணா.